கரையிலே தொடங்கும் கடற்பயணம்: முஅல்லிம் இப்னு மாஜித்

நாம் அன்றாடம் வழங்கும் தமிழ்ச் சொற்களுள் சில, கடல் கடந்து வந்தவை. கலத்தின் போக்கைத் திருப்பும் சுக்கான், அரபுச் சொல். கலத்தை நிலைநிறுத்தும் நங்கூரம், பாரசீகத்தின் வழியே வந்தது. மாலுமி என்னும் சொல், முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். நாவாய், வங்கம், கலம், மீகாமன், நீகான் எனத் தனக்கே உரிய கடற்சொற்களை நிரம்பப் பெற்றிருந்த மொழி தமிழ். அம்மொழி, சொல் வறுமையால் பிறமொழிச் சொற்களைக் கடன் பெறவில்லை. ஒரே துறையில் கலம் நிறுத்தி, ஒரே காற்றுக்காகக் காத்திருந்த இரு இனத்து மக்கள், தம் பண்டங்களோடு சொற்களையும் மாற்றிக்கொண்டனர்.

முஅல்லிம் என்பதற்குக் கற்பிப்பவர் என்பது நேர்ப்பொருள். பள்ளியில் பாடம் சொல்பவரையும் கடலில் கலம் செலுத்துபவரையும் அரபு மக்கள் அந்த ஒரு பெயராலேயே அழைத்தனர். அவ்விரு பொருளுக்கும் ஒருசேர உரியவராக வாழ்ந்தவர் ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு மாஜித். கலத்தைக் கடலில் இறக்கும் முன்பு கரையில் வைத்தே அதன் குறைகளைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்று வற்புறுத்திய அப்பெருமகனாரின் வாழ்வை, மாணவர்கள் அறிந்துகொள்ளும் வண்ணம் இக்கட்டுரை சுருக்கி உரைக்கின்றது.

பிறப்பும் கல்வியும்

இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜுல்ஃபார் என்னும் துறைமுக நகரில் தோன்றினார். அவ்வூர் இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல்கைமா பகுதியில் அமைந்திருந்தது. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கலம் செலுத்திய குடும்பமாகும். பாட்டனார் செங்கடலின் பவளப் பாறைகளையும் மணல் திட்டுகளையும் நன்கறிந்தவர். தந்தையார் அவ்வறிவைத் தம் பட்டறிவால் பெருக்கி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட செய்யுளாக இயற்றி வைத்தார்.

இத்தகைய செல்வத்தை மரபுரிமையாகப் பெற்ற ஒருவர், முன்னோர் சொல்லே முடிந்த முடிபு என்று அமைந்திருக்கலாம். இப்னு மாஜித் அவ்வாறு அமையவில்லை. பாட்டனார் கண்டதைத் தந்தையார் சோதித்தார். தந்தையார் கண்டதை மகனார் சோதித்தார். ஒத்து வந்தவற்றை ஏற்று, மாறுபட்டவற்றைத் தம் அனுபவத்தால் திருத்தினார். தமக்கு முன் வாழ்ந்த புகழ்மிக்க கடல்நூலாசிரியர் மூவரைச் சிங்கங்கள் என்று போற்றிய அவர், அம்மூவரும் கேட்டுத் தொகுத்தவர்களே அன்றிக் கடலில் நேரே தேர்ந்தவர் அல்லர் என்று சுட்டவும் தயங்கவில்லை. தம்மை அவர்களுக்கு அடுத்த நான்காமவர் எனக் கூறிக்கொண்டார். இதனைத் தற்புகழ்ச்சி என்று சிலர் கருதலாம். ஆயினும் முன்னோரை மதிப்பதும் முன்னோரைச் சோதிப்பதும் ஒருவரிடமே அமையக் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு தக்க சான்றாகும்.

ஹிஜ்ரி 866இல், அதாவது 1462ஆம் ஆண்டில், ஹாவியா என வழங்கும் நீண்ட செய்யுள் நூலை இயற்றினார். விண்மீன்களும் திசைகளும் கடல்வழிகளும் அதில் பாட்டாக அமைந்தன. இருளில், அலையில், நனைந்த கையோடு ஏட்டைப் புரட்டுதல் இயலாது. மனத்தில் நின்றதே கடலில் உதவும். நம் நாட்டில் கணிதத்தையும் மருத்துவத்தையும் செய்யுளில் அமைத்த காரணமும் இதுவே அன்றோ!

ஹிஜ்ரி 895இல், அஃதாவது 1490ஆம் ஆண்டளவில், அவருடைய தலைசிறந்த உரைநடை நூலாகிய கிதாபுல் ஃபவாயித் நிறைவுற்றது. பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட இந்நூல், காந்த ஊசி, நிலவின் நாண்மீன்கள், திசைகள், கரை காணும் அடையாளங்கள், கலத்தையும் அதில் உள்ளோரையும் ஆளும் முறை, பெருந்தீவுகள், பருவக்காற்றுகள், செங்கடல் வழி ஆகியவற்றை விரித்துரைக்கின்றது.

சோழமண்டலமும் இப்னு மாஜிதும்

தமிழ் மாணவர்கள் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்னு மாஜித் தம் நூல்களில் சோழமண்டலக் கடலோடிகளைக் குறிப்பிடுகின்றார். அரபுக் கரையினர், குஜராத்தினர், சோழர் என ஒவ்வொரு கரையினர்க்கும் தனித்தனி அறிவு மரபு இருந்ததை அவர் அறிந்திருந்தார்.

அரபுக் கடலோடிகள் துருவ விண்மீனின் உயரத்தை விரல் அளவால் அளந்தனர். இஸ்பா என்பது அவ்விரலின் பெயர். ஒரு வட்டம் 224 விரல் எனக் கொண்டனர். அளப்பதற்கு அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது: ஒரு சிறு பலகை, அதன் நடுவே முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. நம் கடலோடிகளிடமும் இவ்வகைக் கருவி இருந்தது. அவர்கள் அதனை இராப்பலகை என்றனர். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் அடிவிளிம்பைக் கடல் விளிம்போடு பொருத்தி, மேல்விளிம்பில் விண்மீன் அமர்கிறதா என்று பார்ப்பர். கலம் எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே நிற்கிறது என்பதை அப்பலகை சொல்லும்.

கீழைக்கரையின் காயல், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளில் வாழ்ந்த மரக்காயர் பெருமக்கள் இவ்வுலகின் உறுப்பினரே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதைக் குறித்துள்ளார். இப்னு மாஜித் காலத்திற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு இப்னு பதூதா இக்கரைக்கு வந்தபோது, மதுரை சுல்தான் மாலத்தீவு நோக்கிச் செலுத்தக் கலங்களை ஆயத்தம் செய்ய ஆணையிட்டிருந்தார். கலம் கட்டுவதும் கலம் பழுதுபார்ப்பதும் நம் கரைகளில் நாள்தோறும் நிகழ்ந்த தொழில்கள் என்பதற்கு இவை சான்றாகும்.

கடல் அடைபடும் காலம்

பாய்மரக் கலத்தின் ஆண்டுக் கணக்கு நம் நாட்காட்டியைப் போன்றதன்று. அதனைக் காற்று வகுத்தது. தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை அரபு மாலுமிகள் கவ்ஸ் என்றும், வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை அஸ்யப் என்றும் அழைத்தனர். இந்தியாவிலிருந்து அரபு நாட்டிற்கு வடகிழக்குக் காற்றில் சென்று, தென்மேற்குக் காற்றில் திரும்புதல் பொதுமுறை. ஆனால் தென்மேற்குக் காற்று முழு வலிமையோடு வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்கரைத் துறைகள் மூடப்படும். அலையின் சீற்றத்தால் கலங்கள் துறையை அணுக இயலாது. கடல் அடைபட்டது என்பது அவர்களின் வழக்கு. ஏறத்தாழ 90 நாள் இவ்வாறு கழியும்.

ஆகவே அரபு நாட்டிலிருந்து புறப்படுவோர்க்கு இரண்டே வாய்ப்புகள். காற்று முற்றும் முன்பு வசந்த காலத்தில் புறப்பட வேண்டும். அல்லது அது தணியத் தொடங்கிய பின்பு புறப்பட வேண்டும். ஒவ்வொரு துறையிலிருந்தும் எந்நாளில் புறப்பட்டால் எத்துறையை அடையலாம் என்பதை இப்னு மாஜித் பாரசீகப் புத்தாண்டாகிய நவ்ரூஸ் தொடங்கி நாள் எண்ணிக் கூறுகின்றார். மாதத்தைச் சொல்லாமல் நாளைச் சொன்னமைக்குக் காரணம் உண்டு. சந்திர மாதங்கள் ஆண்டுதோறும் பருவம் மாறி வரும். கதிரவன் கணக்கோ மாறாது. தொழுகைக்கும் நோன்புக்கும் ஹிஜ்ரிக் கணக்கு. கலம் செலுத்தக் கதிரவன் கணக்கு. இரண்டையும் அவர் தத்தம் இடத்தில் வைத்துப் போற்றினார்.

கடல் அடைபட்ட அந்த நாட்கள் ஓய்வு நாட்களல்ல. அவையே கலத்தைச் செம்மை செய்யும் நாட்கள்.

தைத்த கலத்தைச் செம்மை செய்தல்

அக்காலத்து அரபிக் கடற்கலங்கள் பெரும்பாலும் இரும்பாணி அறையப்படாதவை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் துணி தைப்பது போல் தைத்துக் கட்டுவர். 1498இல் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த போர்த்துகீசியர், ஆணியின்றிக் கயிற்றால் கட்டப்பட்ட கலங்களை அங்கே கண்டு குறித்து வைத்துள்ளனர். பாறையில் மோதினாலும் தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்த கலமோ உடையும் என்பது இப்னு பதூதா தந்த விளக்கம். இக்கலங்களுக்கு வேண்டிய தேக்கும் அயினியும் மலபார்க் காடுகளிலிருந்து சென்றன. கயிறு மாலத்தீவிலிருந்தும் இலட்சத்தீவிலிருந்தும் மலபாரிலிருந்தும் சென்றது. அரபு நாட்டுக் கலமும் பாதி நம் மண்ணின் விளைவே என்று சொன்னால் அது மிகையாகாது.

நெகிழ்ச்சி தைத்த கலத்தின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். ஒவ்வொரு பயணத்திலும் தையல் தளரும். பலகைப் பொருத்துகளில் நீர் கசியும். வெப்பக் கடலில் வாழும் மரத்துளைப் புழு அடிப்பலகையை உள்ளே அரித்துவிடும். வெளியே பார்ப்பவர்க்குப் பலகை முழுமையாகத் தோன்றும். விரலால் அழுத்தினால் உள்ளே வெற்றிடமாக இருக்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும் கலத்தைக் கரையேற்றாமல் அடுத்த பயணத்தை எண்ணவும் இயலாது.

பெருநீர் ஓதம் ஏறும் நாள் பார்த்துக் கலத்தைக் கரைக்கு இழுப்பர். ஓதம் வடிந்ததும் இருபுறமும் முட்டுக்கால் கொடுத்து நிறுத்துவர். அல்லது ஒருபுறமாகச் சாய்ப்பர். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பர். பலகைகளைத் தட்டி ஓசை கேட்பர். உளுத்த பலகையை நீக்கி, அவ்விடத்தில் புதுப்பலகை பொருத்துவர். தளர்ந்த தையலை அறுத்து மீண்டும் தைப்பர். பொருத்துகளில் நாரைத் திணித்து அடைப்பர். இதனை நம் கரையோர மக்கள் கலப்பத்து என்பர். பின்பு சுறா முதலிய மீன்களின் எண்ணெயைப் பலகையிலும் கயிற்றிலும் ஊறப் பூசுவர். நீர்மட்டத்திற்குக் கீழே, சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்துப் பூசுவர். புழுவைத் தடுக்கும் கவசம் அது.

இதன் பிறகு பாய்மரம், பருமல் எனப்படும் குறுக்குமரம், பாய், கயிறு, நங்கூரம், சுக்கான் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்தல் வேண்டும். கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். மாற்றுப் பாய் ஒன்றை ஏற்ற வேண்டும். குடிநீர்த் தொட்டி கசியாதிருத்தல் வேண்டும். நடுக்கடலில் ஒரு குடம் நல்ல நீருக்கு ஈடாக எந்தப் பொன்னும் நில்லாது.

முஅல்லிமின் மேற்பார்வை

இத்தொழில்கள் யாவும் தச்சர்க்கும் கயிறு தைப்போர்க்கும் உரியவை. முஅல்லிமுக்கு இங்கே என்ன வேலை என்று வினவலாம். இப்னு மாஜித் இவ்வினாவிற்குத் தம் நூலில் தெளிவான விடை தருகின்றார். கலம் கரையில் இருக்கும்போதே முஅல்லிம் அதனை நேரில் சென்று பார்க்க வேண்டும். அதன் அமைப்பில் உள்ள குறைகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எப்பக்கம் சாயும் இயல்புடையது, எங்கே கோணல் உள்ளது என்பதைக் கரையில் அறிந்தவனே கடலில் அதற்கு ஈடு செய்ய இயலும். காந்தப் பெட்டி அமரும் இடம் நேரானதா என்பதையும் அவன் பார்க்க வேண்டும். அப்பெட்டி சிறிது கோணலாக அமைந்துவிட்டால், ஊசி உண்மையைக் காட்டினாலும் கலம் பொய்வழியில் செல்லும். கருவிகளை ஒருமுறை பார்த்தால் போதாது. மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

கலத்தைப் போன்றே அதில் ஏறும் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்கின்றார். பயணிகளின் இயல்பையும் பணியாளரின் திறனையும் அறிதல் வேண்டும். எல்லோர் சொல்லையும் செவிமடுத்தல் வேண்டும். முடிவு தன்னுடையதாதல் வேண்டும். வழக்கமான அளவுக்கு மேல் சுமை ஏற்றலாகாது. தன் சொல்லுக்குக் கீழ்ப்படியாதவர்கள் உள்ள கலத்தில் பொறுப்பேற்கலாகாது. உறக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தூய்மையும் இறைவணக்கமும் கலத்தில் இருப்போர்க்கு உரியவை. ஆபத்தில் இறைவனை அழைப்பவன் அமைதியிலும் அவனை மறவாதிருத்தல் வேண்டும்.

சுமை ஏற்றுவது பற்றிய அறிவுரை, கலத்தின் உரிமையாளரான வணிகரோடு மோத வேண்டிய இடமாகும். வணிகர்க்கு ஒவ்வொரு மூட்டையும் இலாபம். முஅல்லிமுக்கு ஒவ்வொரு மூட்டையும் கலத்தின் விளிம்பை நீருக்கு நெருக்கும் பாரம். கரையில் வணிகரிடம் மறுத்துப் பேசத் துணியாதவர், கடலில் புயலிடம் என்ன பேச இயலும்? மாலுமியின் துணிவு சோதிக்கப்படும் முதலிடம் துறைமுகமே என்பதை இப்னு மாஜித் உணர்ந்திருந்தார்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இவை யாவற்றையும் அவர் இரகசியமாகக் காக்கவில்லை. தொழில் மறையைத் தம் குடும்பத்திற்குள் பூட்டி வைத்திருந்தால் செல்வமும் செல்வாக்கும் பெருகியிருக்கும். அவரோ எழுதினார், பாடினார், பிற முஅல்லிம்களும் அறியட்டும் என விட்டுச் சென்றார். கிப்லாவின் திசையைப் பல நாடுகளிலிருந்தும் அறியும் முறையையும் அவர் செய்யுளாக்கியுள்ளார். கலம் செலுத்திய விண்மீன் அறிவு, கரையில் தொழுவோர்க்கும் திசை காட்டிற்று.

பழியும் உண்மையும்

இத்தகைய ஒருவர் மீது பெரும்பழி ஒன்று சுமத்தப்பட்டது. வாஸ்கோடகாமாவிற்கு இந்தியாவின் கடல்வழியைக் காட்டிக் கொடுத்தவர் இப்னு மாஜித் என்பதே அது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி என்னும் வரலாற்றாசிரியர், யமன் நாட்டை உதுமானியர் வென்ற வரலாற்றை எழுதியபோது இச்செய்தியைக் குறித்தார். மது மயக்கத்தில் வழி சொல்லிவிட்டார் என்றும் எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் இச்செய்தி மேலை நாட்டு நூல்களில் ஏறியது. பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்றது.

சான்றுகள் இதற்கு மாறாக உள்ளன. போர்த்துகீசியர் மாலிந்தியில் ஒரு வழிகாட்டியைப் பெற்றது உண்மை. ஆனால் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தைச் சேர்ந்தவர் என்றே எழுதினர். மாலெமோ கானா, கனாக்கா என்பன போன்ற வடிவங்களில் அவர் பெயரைக் குறித்தனர். மாலெமோ என்பது நம் முஅல்லிமே. கனாக்கா என்பது கணக்கன், கணிப்பவன் என்னும் இந்தியச் சொல்லோடு தொடர்புடையது. ஆகவே அது தொழிற்பெயரே ஆகும். இப்னு மாஜித் ஜுல்ஃபாரைச் சேர்ந்த அரபு மகன். அந்நாளில் முதுமை எய்தியவர். நஹ்ரவாலியோ நிகழ்ச்சிக்குப் பின் பிறந்தவர். தாம் கேட்டதை எழுதியவர். ஆங்கில அறிஞர் டிபெட்ஸ், அரபு அறிஞர் இப்ராஹீம் கூரி, ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் அல்காசிமி ஆகியோர் ஆய்ந்து, இப்பழி நிலைபெறாது எனக் காட்டியுள்ளனர்.

அந்தப் போர்த்துகீசியப் பயணமே இப்னு மாஜிதின் அறிவுக்கு ஓர் உரைகல்லாக அமைந்தது. 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியிலிருந்து புறப்பட்ட வாஸ்கோடகாமா, பருவம் அறிந்த வழிகாட்டியின் துணையால், மே 20இல் கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தார். திரும்பும்போது காற்றின் பருவம் வருமுன்பே, ஆகஸ்டு இறுதியில், கள்ளிக்கோட்டையை விட்டுப் புறப்பட்டார். கார்வாருக்கு அருகிலுள்ள அஞ்சதீவில் கலங்களைச் சாய்த்துப் பழுதும் பார்த்துக்கொண்டார். கலம் செம்மையாயிற்று, காலம் செம்மையாகவில்லை. அக்டோபர் 5இல் அங்கிருந்து புறப்பட்ட கலங்கள், எதிர்க்காற்றிலும் காற்றில்லா நிலையிலும் தத்தளித்து ஏறத்தாழ 3 மாதம் கடலில் கிடந்தன. 30 பேர் அளவில் நோயால் மாண்டனர். 1499 ஜனவரியில் மாலிந்தியை அடைந்த பின்பு, செலுத்த ஆளின்றி ஒரு கலத்தைத் தாமே தீயிட்டு அழிக்க நேர்ந்தது. போகும்போது கடந்த அதே கடல், திரும்பும்போது ஏறத்தாழ மும்மடங்கு நாட்களைக் கொண்டது.

பலகையும் பாயும் மட்டும் பயணத்தின் ஆயத்தம் ஆகா. புறப்படும் நாளும் ஆயத்தத்தின் ஒரு பகுதி என்று நவ்ரூஸ் நாள் எண்ணிச் சொன்ன முஅல்லிமின் கூற்றுக்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

நூல் வாழ்ந்த வரலாறு

இப்னு மாஜித் 16ஆம் நூற்றாண்டு பிறந்த அணிமையில் மறைந்தார் என்பர். அவர் பயிற்றிய கலை உடனே மறையவில்லை. 1554இல் உதுமானியக் கடற்படைத் தலைவர் சீதி அலி, பாரசீக வளைகுடாவிலிருந்து கலங்களோடு புறப்பட்டுப் போரிலும் புயலிலும் சிக்கிக் குஜராத் கரையில் ஒதுங்கினார். கலங்களை இழந்த அவர், அகமதாபாத்தில் இருந்து ஒரு கடல் நூல் எழுதினார். அந்நூலுக்கு மூலமாக அமைந்தவற்றுள் இப்னு மாஜிதின் நூல்கள் தலையாயவை. 1854இல் ஏடனிலிருந்து புறப்பட்ட ஆங்கிலப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன், தம் கலத்து மாலுமிகள் பயணம் தொடங்கும்போது ஷேக் மாஜித் பெயரால் ஃபாத்திஹா ஓதியதைக் குறித்துள்ளார். திசைகாட்டியைக் கண்டுபிடித்த இறைநேசர் என்று அவர்கள் அவரைக் கருதினராம். நூல் மறந்து போயிருந்தது. நன்றி மறந்து போகவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் ஃபெரான், பாரிசு நூலகத்தில் இருந்த கையெழுத்துச் சுவடிகளை உலகிற்கு வெளிப்படுத்தினார். 1957இல் ரஷ்ய அறிஞர் ஷுமோவ்ஸ்கி, லெனின்கிராடில் இருந்த மூன்று கடல்வழிச் செய்யுள்களைப் பதிப்பித்தார். 1971இல் டிபெட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

நூலறிவோடு கையறிவும் சோதிக்கப்பட்டது. 1980இல் ஓமான் நாட்டின் சூர் நகரில், டிம் செவரின் என்பார் சோஹார் என்னும் தைத்த கலத்தைக் கட்டுவித்தார். மலபார் மரமும் தென்னங்கயிறும் கொண்டு, இலட்சத்தீவுக் கைவினைஞரின் துணையோடு அது உருவாயிற்று. ஏறத்தாழ 400 மைல் நீளக் கயிறு அதற்குச் செலவாயிற்று என்பர். மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அக்கலம், வழியில் பருமல் முறிந்தும், 1981இல் சீனத்துக் கான்டனை அடைந்தது. அண்மையில் இந்தியக் கடற்படையும் கௌண்டின்யா என்னும் தைத்த கலத்தைக் கட்டுவித்து, 2025 மே மாதத்தில் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய் விரித்தது. தைத்த பலகையால் கடல் கடக்க இயலுமோ என்று ஐயுற்றவர்க்கு இவ்விரு கலங்களும் விடையாகும்.

நமக்குரிய கடமை

இக்கட்டுரையைப் பயிலும் நம் மாணவர்களுள் பலர் அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தினர். நமக்கு அருகில் இருப்பது ஏரி. கடல் சற்றுத் தொலைவில். ஆயினும் இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தைக் குறித்த நாளில் நிறுத்தி, பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றிய பின்பே மீண்டும் ஓட்டுவர். ஒருநாள் உற்பத்தி குறையுமே என்று அதனைத் தள்ளிப் போட்டால், பின்னர் கையிழப்பதும் உயிரிழப்பதும் தொழிலாளியே. முஅல்லிம் சொன்னதும் தொழிற்கூடம் சொல்வதும் ஒன்றே: குறையைக் கரையில் காண்பவன் அறிவாளி, கடலில் காண்பவனுக்கு அறிந்தும் பயனில்லை.

இன்னொரு கடமை, நம் சமுதாயப் பெரியோர்க்கும் மாணவர்க்கும் பொதுவானது. இப்னு மாஜித் எழுதி வைத்தார். அதனால் 500 ஆண்டுகள் கடந்தும் அவர் மீது சுமத்தப்பட்ட பழியை அவருடைய நூல்களைக் கொண்டே ஆராய முடிந்தது. அதே கடலில், அதே காற்றில் கலம் செலுத்திய நம் மரக்காயர் முன்னோர் என்ன எழுதி வைத்தனர்? கப்பல் சாத்திரம் என்னும் தமிழ்ச் சுவடி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியே 1950இல் அச்சேறியது. மரத்தின் தேர்வு, கலத்தின் அளவு, நன்னாள் பற்றி அது பேசுகின்றது. இவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளவை மிகச் சிலவே. கலம் பழுதுபார்த்தவர், பாய் தைத்தவர், இராப்பலகை பிடித்தவர் ஆகியோரின் அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி, வாய்மொழியாகவே மறைந்தது. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்ற காலத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்று முதியோர்.

தமிழ்த்துறை மாணவர்கள் ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடி அலைகின்றனர். விடுமுறையில் காயல்பட்டினத்திற்கோ கீழக்கரைக்கோ தூத்துக்குடிக்கோ காசிமேட்டிற்கோ செல்லும் மாணவர், ஒரு முதியவர் அருகில் அமர்ந்து, கலப்பத்து எவ்வாறு செய்தீர்கள், எக்காற்றில் புறப்பட்டீர்கள், அக்காற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதட்டும். கொண்டல், கச்சான், வாடை, சோளகம் எனக் காற்றுக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அப்பெயர்களைச் சொல்லும் நாவுகள் அடங்கும் முன்பு அவற்றை ஏட்டில் ஏற்றுதல் வேண்டும். கரையில் இருக்கும் காலம் குறுகியது. காற்று மாறினால் மற்றொரு பருவம் வரும்வரை காத்திருக்கலாம். முதியோர் மறைந்தால் காத்திருந்து பயனில்லை.